அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கர்நாடக இசை: தன்னார்வலருக்கான முழுமையான வழிகாட்டி

பாட்டோ வாத்தியமோ சில வருடம் முறையாகக் கற்றவர், வாரம் ஒரு பீரியட் நேரம் தர முடிகிறவர், பக்கத்து அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ பிள்ளைகளுக்கு இந்த இசையைக் காட்ட நினைக்கிறவர்: இது உங்களுக்காக எழுதியது.

ஆசையோடு வந்து மூன்றாவது வாரம் காணாமல் போனவர்கள் நிறையப் பேர். பிள்ளைகள் படுத்தினார்கள் என்பார்கள். அநேகமாகக் காரணம் அது இல்லை. எதற்குப் பின் எது என்ற வரிசை தலைகீழாகப் போயிருக்கும். ராகத்தின் பெயர், எழுபத்திரண்டு மேளகர்த்தா, மும்மூர்த்திகள் என்று பேச்சில் தொடங்கி, நாற்பது நிமிஷம் கழித்து "எல்லாரும் பாடுங்க" என்றால் பாட மாட்டார்கள். முதலில் கை, பிறகு காது, அதற்குப் பிறகு வாய், கடைசியில்தான் பெயர்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த வரிசையில்தான் நிற்கின்றன.

பாடகரை உருவாக்குவது உங்கள் வேலை இல்லை. வாரம் நாற்பது நிமிஷத்தில் அது நடக்கவும் நடக்காது. கேட்டால் பிடித்துக்கொள்கிற காது வந்தால் போதும்.

1. போவதற்கு முன் உங்களிடம் இருக்க வேண்டியவை

வர்ணம் வரை பாடம் ஆகியிருந்தால் போதும், கச்சேரி செய்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்று கட்டாயம்: கை தாளம் போட்டுக்கொண்டிருக்கும்போதே வாய் பேச வேண்டும். "பின் வரிசை, கையைப் பாரு" என்று சொல்லும்போது உங்கள் தாளம் நின்றால் வகுப்பின் தாளமும் நின்றுவிடும். வீட்டில் ஆதி தாளம் போட்டபடி யாரிடமாவது ஐந்து நிமிஷம் காய்கறி விலை பேசிப் பாருங்கள். தாளம் பிசகாமல் பேச்சு ஓடினால் நீங்கள் தயார்.

சாமான் அதிகம் வேண்டாம். தம்புரா ஆப் உள்ள போன், பியானோ ஆப், சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர். எல்லா ஒலிப்பதிவுகளையும் வீட்டிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக் கட்டடத்துக்குள் சிக்னலை நம்ப முடியாது. போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ப்ளூடூத்தை மட்டும் திறந்து வையுங்கள். பிள்ளைகள் கண்ணை மூடி சுருதி கேட்கும் நேரத்தில்தான் வங்கியிலிருந்து கடன் வேண்டுமா என்று அழைப்பு வரும்.

முதல் மாதம் வாத்தியம் எதுவும் கொண்டு போகாதீர்கள். வீணையோ வயலினோ அறையில் இருந்தால் எல்லாக் கண்ணும் அதன் மேல்தான். அவர்கள் கையும் குரலும் சும்மா இருந்துவிடும்.

2. அனுமதி வாங்குவது

தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகக் கேட்டு, அவரும் "வாங்க சார், வாங்க மேடம்" என்று சொல்லி, அதோடு தொடங்கிவிடுவது முதல் தவறு. வெளியாட்கள் வகுப்பெடுப்பதில் கல்வித்துறை இப்போது கண்டிப்பாக இருக்கிறது. நாளை யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வது அந்தத் தலைமையாசிரியர். அதனால் கடிதம் யார் பெயருக்குப் போக வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் பெரும்பாலும் வட்டாரக் கல்வி அலுவலர் வழியாகப் போகும். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் வரை போகும்.

கடிதத்தில் நான்கு விஷயம் இருக்கட்டும்: எந்த வகுப்பு, எந்தக் கிழமை எந்த பீரியட், எத்தனை வாரம், என்ன பாடப்படும். கடைசியாகச் சொன்னது முக்கியம். பாடல்களின் பட்டியலை இணைத்துவிட்டால் பின்னால் எந்தச் சங்கடமும் வராது. பணம் வாங்குவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை, படம் எடுத்துப் போடுவதும் இல்லை என்று ஒரு வரி சேருங்கள்.

வகுப்பு ஆசிரியர் அறையில் இருக்க வேண்டும் என்பதை நீங்களே நிபந்தனையாக வையுங்கள். பலர் இதைச் சங்கடப்பட்டுச் சொல்லாமல் விடுவதால், ஆசிரியர் விடைத்தாள் கட்டோடு ஆசிரியர் அறைக்குப் போய்விடுவார். அவர் இருப்பது பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் உங்கள் பாதுகாப்புக்கும் நல்லது. அதோடு, நீங்கள் போன பிறகு மற்ற நான்கு நாளும் பாட்டை உயிரோடு வைத்திருக்கப் போகிறவர் அவர்தான். தாளம் திருத்தும்போது பிள்ளையின் கையைப் பிடிக்காதீர்கள், உங்கள் கையைக் காட்டித் திருத்துங்கள். ஒரு பிள்ளை வீட்டுப் பிரச்சினை எதையாவது உங்களிடம் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் தலைமையாசிரியரிடம் கொண்டு போங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098 என்பதும் நினைவில் இருக்கட்டும்.

3. வகுப்பு, நேரம், அறை

நான்காம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை சரியான வயது. அதற்குக் கீழே நாற்பது நிமிஷம் உட்கார மாட்டார்கள். எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களுக்கு மகரக்கட்டு உடைகிற நேரம்; பாடச் சொன்னால் குரல் எங்கோ போகும், பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான், அன்றோடு அவன் பாட்டை விட்டுவிடுவான். அந்த வயதுப் பிள்ளைகள்தான் கிடைத்தார்கள் என்றால் பாட்டைப் பின்னால் தள்ளி, தாளத்தையும் சொற்கட்டையும் (தகிட, தகதிமி போன்ற தாளச் சொற்கள்) வைத்தே ஓட்டுங்கள். பத்து, பன்னிரண்டாம் வகுப்பைக் கேட்கவே கேட்காதீர்கள்.

ஜூனில் பேசி, ஜூலையில் தொடங்கி, செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன் முதல் சுற்றை முடிப்பது சுலபம். அக்டோபர், நவம்பரில் கேட்கும் பயிற்சியும் கலைஞர் வருகையும். டிசம்பர் அரையாண்டுத் தேர்வுக்கு மேல் பள்ளி உங்களுக்கு நேரம் தர முடியாது, அது அவர்கள் தவறும் இல்லை.

மதிய உணவுக்கு அடுத்த பீரியட் மட்டும் வேண்டாம். மற்றபடி எது கொடுத்தாலும் சரி. கூடம் பெரிதாக இருக்கிறது என்று அங்கே அழைத்துப் போவார்கள், வேண்டாம் என்று சொல்லுங்கள். தகரக் கூரை, எதிரொலி, நூறு பிள்ளைகள். சுருதி காதில் விழாது. ஒரு பிரிவு, அவர்கள் வழக்கமான வகுப்பறை, பெஞ்சை ஒதுக்கித் தரையில் உட்கார்ந்தால் போதும்.

4. உங்கள் கட்டையை மாற்றிக்கொள்ளுங்கள்

கட்டை என்பது பாடுகிற சுருதியின் உயரம். அதை மாற்றுவதைப் படியாகவே யாரும் நினைப்பதில்லை. புதிதாக வருகிற ஆண்கள் அதிகம் தடுக்குவது இங்கேதான்.

ஆண்கள் வழக்கமாக ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பத்து வயதுப் பிள்ளை அந்த ஷட்ஜத்தில் (ச) சேர முயன்றால் தொண்டைக்குள் உறுமும்; மேல் ஸ்தாயியில் சேர முயன்றால் கத்தும். இரண்டும் நடக்கும், ஒரே நேரத்தில். உடனே "இந்தப் பிள்ளைகளுக்குச் சுருதியே இல்லை" என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். பிள்ளைகளிடம் குறை இல்லை.

நாலரைக் கட்டையில் தம்புராவை வையுங்கள். இந்த வயதில் பையன், பெண் இருவருக்கும் அது ஒத்துவரும். பியானோ ஆப்பில் அதற்கு இன்னொரு வசதியும் இருக்கிறது, ஏழாவது படியில் வரும். ஆண்களுக்கு நாலரைக் கட்டையில் மேல் ஷட்ஜம் கஷ்டம்தான். அரைக் குரலில் சின்னச் சின்னச் சங்கதியாகப் பாடிக் காட்டுங்கள். அதுவும் முடியவில்லை என்றால் குரல் உறுதியான ஒரு பிள்ளையை முன்னால் வைத்து, நீங்கள் ஆப்பில் ஸ்வரம் கொடுத்து, அவள் பாட, வகுப்பு பின்பாடட்டும்.

5. முதல் இரண்டு வகுப்பு: தாளம் மட்டும்

தாளத்தில் தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாடக் கூச்சப்படுகிற பிள்ளை கை தட்டக் கூச்சப்படாது. தப்பானாலும் வெளியே தெரியாது. முதல் பத்து நிமிஷத்திலேயே எல்லாரும் ஏதோ ஒன்றைச் செய்துவிட்டிருப்பார்கள்.

உங்களை அறிமுகப்படுத்திக்கொள்வது இரண்டு வாக்கியம். பிறகு ஒரே சீராகக் கை தட்டுங்கள், எதுவும் சொல்லாதீர்கள். அவர்களாகச் சேர்ந்துகொள்வார்கள். சேர்ந்ததும் அவர்கள் பெயர்களைத் தட்டுக்குள் போடுங்கள். கவிதா: தகிட. சரவணன்: தகதிமி. ஒவ்வொரு பெயரும் ஒரு தட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான் விளையாட்டு. மூன்று அசைப் பெயர் நிதானமாகவும் நான்கு அசைப் பெயர் கொஞ்சம் நெருக்கமாகவும் விழுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். திஸ்ரம் (மூன்று), சதுஸ்ரம் (நான்கு) என்ற சொற்கள் இப்போது தேவையில்லை.

அடுத்து ஐந்து. இதற்குக் கிழமைகளை விட நல்ல கருவி கிடைக்காது. "வெள்ளிக்-கிழமை" என்று தட்டோடு சொல்லச் சொல்லுங்கள்: தக-தகிட. திங்கட்கிழமை, செவ்வாய்க்கிழமை, புதன்கிழமை, சனிக்கிழமை எல்லாமே தக-தகிட. "எந்தக் கிழமை இதில் அடங்காது?" என்று கேட்டுவிட்டு விலகி நில்லுங்கள். விரல் விட்டு எண்ணி, சண்டை போட்டு, வியாழனும் ஞாயிறும் என்று வருவார்கள். "வியாழக்-கிழமை", "ஞாயிற்றுக்-கிழமை": தகிட-தகிட. கண்ட நடை என்ற பெயரே தெரியாமல் ஒரு வகுப்பு முழுக்கக் கண்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆதி தாளம் இரண்டாவது வகுப்பில். தட்டு, சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. இதை வாயால் சொல்லிக்கொண்டே போட வேண்டும், இல்லாவிட்டால் விரல் எண்ணிக்கையில் ஆள்காட்டி விரலும் சேர்ந்து எண்ணிக்கை ஒன்பதாகிவிடும். நீங்கள் தொடையில் போட்டால் இரண்டாவது வரிசைக்கு மேல் தெரியாது. இடது கையை நெஞ்சு உயரத்தில் விரித்து அதன் மேல் போடுங்கள். பிள்ளைகள் ஆர்வத்தில் தொடையில் ஓங்கி அடிப்பார்கள், பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்ப்பார். "இரண்டு விரலால் மட்டும்" என்று ஒரு விதி போட்டால் சத்தம் அடங்கும். இடது கைப் பிள்ளை இடது கையால் போடட்டும்.

வேகம் பற்றி ஒரே எச்சரிக்கை: பிள்ளைகள் ஓடுவார்கள். நீங்களும் கூட ஓடாதீர்கள். நிறுத்தி, மூச்சு விட்டு, பழைய காலப்பிரமாணத்தில் மறுபடி எடுங்கள். ஓட்டத்தைத் திட்டித் திருத்த முடியாது.

வீட்டில் யாராவது தவில், நாதஸ்வரம், பறை, உறுமி வாசிக்கிறார்களா, சர்ச்சில் கொயர் பாடுகிறார்களா என்று இந்த வகுப்பிலேயே கேட்டு வையுங்கள். "இது நம்ம பாட்டு இல்லை" என்ற எண்ணம் பிள்ளைகளிடம் இருக்கும், சில சமயம் ஆசிரியரிடமும் இருக்கும். அதற்குப் பிரசங்கத்தால் பதில் சொல்ல முடியாது. பறை அடிக்கிற வீட்டுப் பிள்ளைக்கு லயம் நம்மைவிட உறுதியாக இருக்கும். அவனை முன்னால் உட்கார வைத்துத் தாளம் பிடிக்கச் சொன்னால் பதில் தானாக வந்துவிடும்.

6. சுருதி சேர்ப்பது

தம்புராவை ஓட விட்டு ஒரு நிமிஷம் சும்மா கேட்கச் சொல்லுங்கள். பிறகு வாய் மூடி "ம்ம்ம்" மட்டும். ரீங்காரத்தில் கத்த முடியாது, அதனால்தான் அது முதலில். அதன் பிறகு "ஆ", அதன் பிறகு ச–ப–ச.

பாதி வகுப்பு பாட, பாதி வகுப்பு கேட்கட்டும்; பிறகு மாற்றிப் போடுங்கள். தான் பாடும்போது கேட்காதது அடுத்தவர் பாடும்போது கேட்கும். யாரையும் தனியாக எழுப்பிப் பாடச் சொல்லாதீர்கள். "உனக்குச் சேரலை" என்ற ஒரு சொல் போதும், அந்தப் பிள்ளை ஐம்பது வயதிலும் "எனக்குப் பாட்டு வராது" என்று சொல்லிக்கொண்டிருக்கும். விலகிப் பாடுகிறவர்கள் பக்கத்தில் சேர்ந்து பாடுகிறவர்களை உட்கார வைத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிடும்.

இதற்கு ஒரு வகுப்பில் எட்டு நிமிஷத்துக்கு மேல் எடுக்காதீர்கள், ஆனால் எல்லா வகுப்பிலும் எடுங்கள்.

7. மோகனம்: அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ராகம்

நம் வழக்கப்படி முதல் பாடம் மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்கிற ஸ்வரப் பயிற்சி. குருவிடம் தனியாக உட்காரும் பிள்ளைக்கு அது சரி. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். அதன் ரி ஷட்ஜத்தோடும் த பஞ்சமத்தோடும் ஒட்டி நிற்கும். கும்பலில் பாடும்போது இரண்டும் கரைந்து ச, ப ஆகிவிடும். யார் எங்கே தவறினார்கள் என்று உங்களுக்கும் கேட்காது.

மோகனத்தில் தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போகிற எந்தப் பிள்ளைக்கும் மோகனம் தெரியும், தெரியும் என்பதுதான் அதற்குத் தெரியாது. காலை இறைவணக்கக் கூட்டத்தில் பாடுகிற தமிழ்த்தாய் வாழ்த்து மோகன ராகம், திஸ்ர நடை. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணையிலேயே அது இருக்கிறது. மெட்டு எம்.எஸ். விஸ்வநாதனுடையது.

செய்ய வேண்டியது இது. மெட்டை வார்த்தை இல்லாமல் மெதுவாக முனகுங்கள். இரண்டாவது வரிக்குள் யாராவது எழுந்து நின்றுவிடுவார்கள், பழக்கம் அப்படி. மாநிலப் பாடல் என்பதால் வார்த்தைகளோடு பாடினால் எல்லாரும் எழுந்து நிற்க வேண்டும் என்பதை நீங்களும் மறக்காதீர்கள். உட்கார வைத்து, "தகிட தகிட" என்று தட்டிக்கொண்டே மெட்டை மட்டும் முனக விடுங்கள். ஐந்தாவது படியில் பெயர்களை வைத்து விளையாடிய தகிட இங்கே வந்து உட்காரும்போது முகங்களைப் பாருங்கள்.

அப்புறம் பியானோ ஆப்பைத் திறந்து, நாலரைக் கட்டைச் சுருதிக்குரிய கறுப்புக் கட்டையிலிருந்து (F ஷார்ப்) தொடங்கி, கறுப்பு மட்டும் வரிசையாக அழுத்துங்கள். ச ரி க ப த ச. அது மோகனம். வெள்ளையைத் தொடாத வரை எந்தப் பிள்ளை என்ன வாசித்தாலும் மோகனத்தின் ஸ்வரங்கள்தான் வரும். அதனால் பயமில்லாமல் போனைக் கையில் கொடுக்கலாம். (நம் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, இதில் வராது; அதை உங்கள் குரலில் கேட்டுக்கொள்ளட்டும்.)

ஸ்வரம் பாடப் பழகியதும் ஒரு ஸ்வரத்தை மாற்றுங்கள். தைவதத்தை (த) எடுத்துவிட்டு நிஷாதம் (நி) வைத்தால் ச ரி க ப நி, ஹம்ஸத்வனி. மோகனத்திலேயே பாடிக்கொண்டிருந்து, சொல்லாமல் நிஷாதத்துக்குத் தாவுங்கள். மாறியது கேட்டவுடன் கை தூக்க வேண்டும். முதல் தடவை நாலைந்து கை. நாலைந்து தடவைக்குள் வகுப்பில் பெரும்பாதி. அடுத்த வாரம் மோகனத்தின் காந்தாரத்தை (க) மட்டும் அரைக் கட்டை இறக்கிப் பாடுங்கள். சிவரஞ்சனி. "சோகமா இருக்கு", "சினிமால யாரோ செத்துட்டாங்க" என்று உடனே சொல்வார்கள். ஒரே ஒரு ஸ்வரம் நகர்ந்ததில் வீடே மாறிப்போவதை இதைவிடத் தெளிவாக எந்தப் பேச்சாலும் காட்ட முடியாது. இப்போது ராகங்களின் பெயரைச் சொல்லலாம், ஏனென்றால் பெயர் வைக்க அவர்களிடம் ஒரு பொருள் வந்துவிட்டது.

வகுப்பில் கெட்டிக்காரர்கள் இருந்தால் ஒரு புதிர் கொடுங்கள். அதே கறுப்புக் கட்டைகள்தான், ஆனால் மோகனத்தின் காந்தாரத்தை ஷட்ஜமாக வைத்துத் தொடங்கினால் ஹிந்தோளம்; பஞ்சமத்தை வைத்துத் தொடங்கினால் சுத்த சாவேரி. தம்புராவையும் அந்த ஸ்வரத்துக்கு மாற்றினால்தான் காதுக்குப் புரியும். இப்படி ஷட்ஜத்தை நகர்த்துவதற்குக் கிரகபேதம் என்று பெயர் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு பருவத்துக்கு இந்த மூன்று ராகம் போதும். வாரம் ஒரு புது ராகம் என்று போனால் எதுவும் காதில் தங்காது.

8. ஒரே ஒரு பாட்டு

பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நம்மிடம் இருக்கும் பாடாந்திரம் பெரும்பாலும் பக்திப் பாட்டு, அதிலும் தெலுங்கும் சமஸ்கிருதமும். பொருள் தெரியாத மொழியில் பிள்ளைகள் வார்த்தையோடு போராடிக்கொண்டிருந்தால் ராகம் காதில் ஏறாது.

என் முதல் தேர்வு, அவர்கள் தமிழ்ப் பாடநூலில் இருக்கிற மனப்பாடப் பாடல்தான். வார்த்தை ஏற்கெனவே தெரியும், பொருளைத் தமிழாசிரியர் சொல்லியிருப்பார், மெட்டு மட்டும் நீங்கள் போட்டால் போதும். "கற்க கசடற" குறளை மோகனத்தில் ஆதி தாளத்துக்குள் உட்கார வைத்துப் பாருங்கள். தேர்வுக்கும் உதவுகிறது என்று தெரிந்ததும் தமிழாசிரியர் உங்கள் பக்கம் வந்துவிடுவார். கீர்த்தனை வடிவத்தைக் காட்ட வேண்டும் என்றால் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் (1826–1889) சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளில் தேடுங்கள். கிறிஸ்தவரான அவர் எந்த மதத்தையும் தனித்துச் சொல்லாமல், நல்ல தமிழில், பல்லவி அனுபல்லவி சரணத்தோடு எழுதி வைத்திருக்கிறார்.

சொல்லிக்கொடுக்கிற முறை: நீங்கள் ஒரு வரியை முழுதாக இரண்டு முறை பாடுங்கள், அவர்கள் தாளம் மட்டும் போடட்டும். மூன்றாவது முறை பாடட்டும். அவர்கள் பாடும்போது நீங்கள் பாடாதீர்கள். நீங்களும் சேர்ந்து பாடினால் அவர்கள் உங்கள் குரலில் சாய்ந்துகொள்வார்கள், எங்கே தவறுகிறார்கள் என்று உங்களுக்கும் கேட்காது. கரும்பலகையில் எழுதிப் போடாதீர்கள். எழுதினால் கண் வேலை செய்யும், காது தூங்கிவிடும்.

9. கேட்கச் சொல்வது

இது தாளமும் ராகமும் கொஞ்சம் பிடிபட்ட பிறகு. முதல் வாரமே "இதோ, எம்.எஸ். அம்மா பாடியது, கேளுங்கள்" என்று பத்து நிமிஷம் ஓட விட்டால், இரண்டாவது நிமிஷத்தில் பின் பெஞ்சில் பேனா மூடி பறக்கும்.

மூன்று நிமிஷம்தான் அளவு. போடுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். "எத்தனை வாத்தியம்?" "பாடுகிறவர் நிறுத்தும்போது யார் தொடர்கிறார்?" தனி ஆவர்த்தனத்தின் (தாள வாத்தியம் மட்டும் வாசிக்கிற இடம்) கடைசிப் பகுதியைப் போட்டால், "ஒரே சொல் மூன்று முறை வந்தால் கை தூக்கு" என்று சொல்லுங்கள். தீர்மானம், அதாவது முடிவுச் சொற்கட்டு, மூன்று முறை விழுந்து தாளத்தில் வந்து இறங்கும்போது வகுப்பே துள்ளும். அதுவரை தாளம் போட்டுக்கொண்டு வந்திருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை.

வாத்தியங்களில் கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோன், யு. ஸ்ரீநிவாஸின் மாண்டலின் இரண்டும் பிள்ளைகளை உடனே இழுக்கும். முத்துசாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை வயலினில் போட்டுக் காட்டுங்கள்: மேற்கத்திய பேண்டு மெட்டுகளை எடுத்துக்கொண்டு அவர் செய்தவை. "ஸ்கூல் டிரில் பாட்டு மாதிரி இருக்கு" என்பார்கள், தவறில்லை.

சினிமாப் பாட்டைத் தாராளமாகக் கொண்டு வாருங்கள், ஆனால் உங்கள் காலத்துப் பாட்டை இல்லை. அவர்கள் போனில் ஓடுகிற பாட்டு என்னவென்று கேட்டு, முந்தின நாளே அதில் ராகம் தேடி வையுங்கள். கிடைக்காவிட்டால் அதன் தாளத்தை எண்ணச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு மட்டம், இதுதான் உயர்வு என்று மட்டும் பேசாதீர்கள். அப்படிப் பேசிய நிமிஷமே பிள்ளைகள் கட்சி பிரிந்துவிடுவார்கள், நீங்கள் எதிர்க்கட்சி.

10. கலைஞரை அழைத்து வருவது

இது எட்டாவது வாரத்துக்கு முன் வேண்டாம். அதற்கு முன் வந்தால் வேடிக்கை, பின் வந்தால் கச்சேரி.

முதலில் மிருதங்கம் அல்லது கடம். பிள்ளைகளுக்குத் தெரிந்தது தாளம். தெரிந்ததிலிருந்து போவது நல்லது. கடக்காரருக்கு முன்கூட்டியே "நாலரைக் கட்டை" என்று சொல்லிவிடுங்கள். பானையை மிருதங்கம் மாதிரி இழுத்துச் சேர்க்க முடியாது, சுருதிக்கேற்ற பானையை அவர் எடுத்து வர வேண்டும். கடம் மானாமதுரை மண் என்று சொன்னால், "எங்க பாட்டி ஊரு" என்று ஒரு பிள்ளையாவது எழுந்து நிற்கும்.

மிருதங்கம் வந்தால் சுருதி சேர்ப்பதை அறைக்கு வெளியே முடித்துவிட்டு வரச் சொல்லாதீர்கள், பிள்ளைகள் முன்னால் நடக்கட்டும். கல்லால் தட்டித் தட்டி வலந்தலையை (வலது பக்கம்) ஏற்றுவது, ரவையைத் தண்ணீரில் பிசைந்து தொப்பியில் (இடது பக்கம்) அப்புவது, அப்புவதற்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கம் எப்படிக் கேட்கிறது என்பது. ரவையைப் பார்த்ததும் "உப்புமாவா சார்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். கலைஞரிடம் முன்பே சொல்லி வைத்தால் அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். அப்பிய பின் வருகிற அந்தத் "தொம்" பின் வரிசையில் வயிற்றில் கேட்கும்.

நாதஸ்வரம் என்றால் மரத்தடியில், திறந்த வெளியில். மூடிய வகுப்பறையில் காது தாங்காது. மற்ற வகுப்புகளுக்குத் தேர்வு இல்லாத நாளாகப் பாருங்கள். ஊதுகிற முனையான சீவாளியைக் கழற்றி அதை மட்டும் ஊதிக் காட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் சிரித்து உருளுவார்கள். ஆனால் சீவாளி, மோர்சிங் (வாயில் வைத்து மீட்டுகிற சின்ன வாத்தியம்) இரண்டையும் பிள்ளைகள் வாயில் வைக்கக் கொடுக்கக் கூடாது.

கால அட்டவணை: பதினைந்து நிமிஷம் வாசிப்பு, பத்து நிமிஷம் வாத்தியத்தைப் பிரித்துக் காட்டுவது, மீதி நேரம் கேள்வி. கலைஞரின் சாதனைகளை வாசித்துப் பொன்னாடை போர்த்துவதில் பத்து நிமிஷம் போகும், அதைத் தலைமையாசிரியர் அறையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் இலவசமாக வருகிறீர்கள் என்பதற்காகக் கலைஞரையும் இலவசமாகக் கூப்பிடாதீர்கள். அவருக்கு இது தொழில். நண்பர்களிடம் திரட்டியாவது ஆட்டோ செலவும் ஒரு சன்மானமும் கொடுங்கள். பெரிய கலைஞர்கள் வேண்டும் என்றால் 1977 முதல் பள்ளி, கல்லூரிகளுக்குக் கலைஞர்களை அழைத்துச் செல்கிற ஸ்பிக் மேகேயின் உங்கள் ஊர்க் கிளையை அணுகலாம். அதற்குப் பள்ளியின் பெயரில் வேண்டுகோள் போக வேண்டும்.

11. ஆண்டு விழா வரும்போது

ஐந்தாவது வாரம் தலைமையாசிரியர் கேட்பார்: "ஆண்டு விழாவுக்கு ஒரு ஐட்டம் பண்ணிடலாமா?" மாட்டேன் என்று சொல்லாதீர்கள், அவருக்கும் மேலே காட்ட ஏதாவது வேண்டும். கலைத் திருவிழாப் போட்டிக்கு நாலு நல்ல குரலைப் பொறுக்கிக் கொடுங்கள் என்றும் கேட்பார்கள். போட்டிக்கு அனுப்புவது பள்ளியின் விஷயம், அதைப் பள்ளி நேரத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். உங்கள் பீரியடில் மட்டும் பொறுக்க வேண்டாம். நான்கு பேரைப் பொறுக்கினால் மீதி முப்பத்தாறு பேர் பார்வையாளர்கள் ஆகிவிடுவார்கள்.

மேடைக்கு முழு வகுப்பையும் ஏற்றுங்கள். கிழமைச் சொற்கட்டு இரண்டு நிமிஷம், குறள் இரண்டு நிமிஷம். மைக் நடுவில் ஒன்று, பாடுகிறவர்களுக்கு முன்னால் ஸ்பீக்கரில் தம்புரா. மேடையில் தம்புரா காதில் விழவில்லை என்றால் சுருதி போய்விடும், அதை முந்தின நாளே சோதித்துவிடுங்கள். ஒலிபெருக்கிக்காரர் எக்கோ வைப்பார், எடுக்கச் சொல்லுங்கள்.

12. இன்னும் சில தடுக்கல்கள்

ஒரு வாரம் வர முடியாவிட்டால் முந்தின நாளே பள்ளிக்குச் சொல்லுங்கள். அடுத்தடுத்து இரண்டு வாரம் தவறினால் அந்த பீரியட் கணக்கு வாத்தியாரிடம் போய்விடும், திரும்ப வாங்க முடியாது.

நிறையப் பேசுவதுதான் எல்லாருக்கும் இருக்கிற வியாதி. ஒரு வகுப்பை உங்கள் போனிலேயே ஒலிப்பதிவு செய்து வீட்டில் கேளுங்கள். கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். உங்கள் குரல் பாதிக்கு மேல் இருந்தால் அடுத்த வாரம் குறையுங்கள்.

பரிசு, மிட்டாய் வேண்டாம். ஒரு தடவை கொடுத்தால் அடுத்த வாரம் பாட்டு முடிந்ததும் உங்கள் பையைத்தான் பார்ப்பார்கள்.

பருவத்தின் கடைசி வகுப்பை நீங்கள் எடுக்காதீர்கள். பாட்டையும் தாளத்தையும் பிள்ளைகளே வகுப்பு ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். நீங்கள் பின் வரிசையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். தம்புரா ஆப்பை ஆசிரியர் போனில் ஏற்றி, நாலரைக் கட்டையில் வைத்து, எப்படித் தொடங்குவது என்று காட்டிவிட்டுப் போங்கள். பகுதிநேர இசை ஆசிரியர் இருக்கிற பள்ளி என்றால் இதை அவரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஜூனில் அதே பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போயிருப்பார்கள். உங்கள் அனுமதிக் கடிதத்தில் வகுப்பின் பெயரை மாற்றி, மே மாதக் கடைசியிலேயே கொடுத்துவிடுங்கள்.